புள்ளிக்கு முன் ஒரு சாய்கோடு

கடிதம் முடிந்தது என்று சொல்ல
அஞ்சல் வழங்கி
தனி வரியில் ஒரு புள்ளி வைக்கும்.
அவ்வளவுதான். வேறு முத்திரை இல்லை.

கடிதத்துக்குள்ளேயே யாரோ
வரித் தொடக்கத்தில் புள்ளி வைத்திருந்தால்?
முன்னால் இன்னொன்றைச் சேர்த்து அனுப்பும்.
வாங்குகிறவர் ஒன்றை உதறிவிட்டுப் படிக்க வேண்டும்.
அந்த உதறலைப்
பதினாறு வருடமாகச் செய்துவருகிறது
மிர்த்தா எச்செவெர்ரியின் நிரல்.

உருகுவேயில், சால்ட்டோ.
ஆரஞ்சு அடைக்கும் கொட்டகையில் கணக்கு எழுதுகிறவள்.
ராட்டர்டாம் ஆர்டர்கள்
ராத்திரி தாமாகவே வந்து சேரட்டும் என்று
பெர்லில் எண்ணூறு வரி எழுதினாள்;
யாருக்காவது உதவட்டும் என்று பொதுவில் வைத்தாள்.
அது அவளைக் கேட்காமலே ஊர் சுற்றியது.
லெசோத்தோவில் ஒரு கால்நடை மருத்துவமனை,
பல்கேரியாவில் ஏதோ ஒரு குடிநீர் வாரியம்,
இன்னும் யார் யாரோ.
நன்றாக ஓடும்வரை அவர்களை அவளுக்குத் தெரியாது.

"முடிவில்லாத வரி ஒன்றை அனுப்பினேன்,
உங்கள் நிரல் வாயை மூடாமல் விழுங்கிக்கொண்டே இருந்தது"
என்று எழுதினான் ரத்கோ, ஸ்லோவாக்கிய மாணவன்.
உண்மைதான். வரிக்கு ஓர் அளவு வைத்தாள்.
மறுநாளே கத்தியது குடிநீர் வாரியம்:
எங்கள் கிழட்டு வழங்கியின் வரி அதைவிட நீளம்!
அளவை ஏற்றினாள்.
எவ்வளவு என்று கேட்காதீர்கள், அவளுக்கே வெட்கம்.

அப்போதுதான் வந்தார் மரங்கொத்தி.
கார்பிந்தேரோ என்ற புனைபெயர், பறவைப் படம்,
வேறு விவரம் இல்லை.
எழுத்துப் பிழை திருத்தினார்.
சோதனைகள் எழுதினார்.
அவள் கண் விழிப்பதற்குள்
கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லி முடித்திருந்தார்.
நாலு மாதம் கழித்து, மிக மென்மையாக:
"எனக்கும் ஒரு சாவி கொடுத்தால்
உங்கள் சுமை குறையுமே."

கொடுத்துவிடத்தான் நினைத்தாள்.
அறுவடைக் காலம்,
பதினாலு மணிநேர வேலை,
சிறுநீரகத்தில் ஒரு கல்.

ஜூலையில் ஓர் இரவு உறைபனி எச்சரிக்கை.
வெப்பமானி இரண்டைத் தொட்டால்
பம்பு ஆளுக்குப் போன் செய்ய வேண்டும்.
அதற்காகத்தான் விழித்திருந்தாள்;
பொழுது போகத்தான் படித்தாள்
மரங்கொத்தி அனுப்பிய முந்நூறு வரித் திருத்தத்தை.
இடைவெளி சீராக்கம், தலைப்பில் அப்படித்தான் இருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
எதிரே நிற்கும் வழங்கி
தான் சொல்லும் ஆள்தானா என்று
சான்றிதழைப் பார்க்கும் இடம்.
அங்கே புள்ளிக்கு முன் நின்ற சாய்கோட்டைக் காணவில்லை.

சாய்கோடு இருந்தால் புள்ளி, புள்ளி.
இல்லையென்றால் அந்த இடத்தில்
எந்த எழுத்தும் வந்து உட்காரலாம்.
நம் மொழியில் புள்ளி பெற்ற எழுத்து மெய்.
அங்கே, காவல் இழந்த புள்ளி
யாராகவும்.

கைதவறி விழுந்ததா, இமைமுடி மாதிரி?
பிடுங்கப்பட்டதா?
மாத்தே ஆறும்வரை பார்த்திருந்தாள்.
"ஒரு சாய்கோடு விட்டுப்போயிருக்கிறது, கவனித்தீர்களா?"
இவ்வளவுதான் கேட்டாள்.

பதில் இல்லை.
ஒன்பது நாள். பிறகு எண்ணவில்லை.
வெப்பமானி அன்று மூன்றோடு நின்றுவிட்டது,
பம்பு ஆள் நன்றாகத் தூங்கினான்.

மரங்கொத்தி எழுதிய சோதனைகள் இன்னும்
இரவுதோறும் ஓடுகின்றன, எல்லாம் தேறுகின்றன.
அந்தப் புள்ளிக்கென அவள் புதிதாகச் சேர்த்த சோதனையும்
அவர் பாணியிலேயே அமைந்துவிட்டது.
சாவி இன்னும் ஒன்றுதான்.
அதுவும் பத்திரமில்லை என்று அவளுக்குத் தெரியும்.
கல் அப்படியே இருக்கிறது.

அஞ்சல் நெறியில் ஒரு விதி உண்டு:
அழி என்று குறித்த கடிதம் உடனே அழியாது.
முறையாக விடைபெற்றால்தான் போகும்.
பாதியில் இணைப்பு அறுந்தால்
குறித்தவை எல்லாம் பெட்டிக்குத் திரும்பிவிடும்.

அவர் விடைபெறவில்லை.